நேர்க்கோட்டுக்குச் சமன்பாடு காணல்

தளத்தில் உள்ள ஒரு நேர்க்கோட்டின் சமன்பாடு என்பது, அந்தக் கோட்டின் மேல் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் நிறைவு செய்கிற, கோட்டுக்கு வெளியே இருக்கும் எந்தப் புள்ளியும் நிறைவு செய்யாத நிபந்தனை. இந்த வரையறையின் பின்பாதி பெரும்பாலும் சொல்லாமலே விடப்படுகிறது. முன்பாதி மட்டும் போதும் என்றால் 0 = 0 என்பதே எல்லாக் கோடுகளுக்கும் சமன்பாடாகிவிடும். y = 2x + 1 என்று எழுதியவுடன் (3, 7) உள்ளே வருகிறது, (3, 8) வெளியே நிற்கிறது. தளத்தின் புள்ளிகள் அனைத்தையும் இப்படி இரண்டாகப் பிரித்துவிடுவதே சமன்பாட்டின் வேலை.

அதைக் காணும் வழிகள் பள்ளிப் பாடநூல்களில் ஐந்தாறு வாய்பாடுகளாகப் பிரித்துத் தரப்படுகின்றன: சாய்வு–வெட்டுத்துண்டு வடிவம், புள்ளி–சாய்வு வடிவம், இரு புள்ளி வடிவம், வெட்டுத்துண்டு வடிவம், பொது வடிவம், மேல்வகுப்பில் செங்குத்து வடிவம். தனித்தனியாக மனப்பாடம் செய்தவர்கள், எந்தக் கணக்குக்கு எது என்று தேர்வறையில் தடுமாறுவது வழக்கம். அடியில் இருப்பதோ ஒரே செய்திதான். ஒரு கோட்டைத் தீர்மானிக்க, ஒன்றையொன்று சாராத இரண்டு தகவல்கள் வேண்டும். இரண்டும் புள்ளிகளாக இருக்கலாம். ஒன்று புள்ளியாகவும் மற்றது திசையாகவும் இருக்கலாம். இரண்டு அச்சுகளையும் கோடு வெட்டும் இடங்களாக இருக்கலாம். ஆதிப்புள்ளியிலிருந்து கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தூரமும் அந்தச் செங்குத்தின் திசையுமாக இருக்கலாம். தகவல் எந்த உருவில் கைக்கு வருகிறதோ, அந்த உருவை நேரே ஏற்றுக்கொள்ளும் வடிவம் ஒன்று இருக்கிறது. வாய்பாடுகள் பலவாக இருப்பதற்கு அதற்கு மேல் காரணமில்லை.

திசையை எண்ணாக மாற்றுவது சாய்வு. கோட்டின் மேல் எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும், y இல் ஏற்படும் மாற்றத்தை x இல் ஏற்படும் மாற்றத்தால் வகுத்தால் ஒரே எண் கிடைக்கும். இது வெறும் வரையறையால் வந்தது அல்ல. கோட்டின் மேல் இரண்டு புள்ளிகளை எடுத்து, அச்சுகளுக்கு இணையாகப் பக்கங்கள் வரைந்தால் ஒரு செங்கோண முக்கோணம் அமையும். வேறு இரண்டு புள்ளிகளை எடுத்தால் வேறொரு முக்கோணம் அமையும். கோணங்கள் சமமாக இருப்பதால் இரண்டும் வடிவொத்த முக்கோணங்கள்; ஆகவே பக்கங்களின் விகிதமும் ஒன்றே. நேர்க்கோட்டு இயற்கணிதம் முழுவதும் இந்த வடிவொத்த முக்கோணத்தின் மேல்தான் நிற்கிறது. வளைகோட்டில் இது நடக்காது. y = x² என்ற வளைவில் (0, 0), (1, 1) என்ற புள்ளிகளுக்கு இடையே அந்த விகிதம் 1; (1, 1), (2, 4) என்பவற்றுக்கு இடையே 3.

சாய்வைக் கணக்கிடும்போது இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நிகழ்கின்றன. மேலே இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்துவிட்டு, கீழே முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிப்பது ஒன்று. அப்போது குறி தலைகீழாகி, ஏறும் கோடு இறங்கும் கோடாகிவிடுகிறது. x அச்சுக்கு இணையான கோட்டின் சாய்வு 0 என்பதையும், y அச்சுக்கு இணையான கோட்டுக்குச் சாய்வே வரையறுக்கப்படவில்லை என்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது மற்றொன்று. முதல் தவறு மதிப்பெண்ணோடு போகும். இரண்டாவது அவ்வளவு எளிதில் விடுவதில்லை. கட்டுரையின் பின்பகுதியிலும் அது தலைகாட்டும்.

புள்ளியும் சாய்வும் தெரிந்தால் சமன்பாடு உடனே வந்துவிடும். தெரிந்த புள்ளி (x₁, y₁), சாய்வு m என்றால், கோட்டின் மேல் நகரும் புள்ளியை (x, y) என்று வைத்துச் சாய்வின் வரையறையை எழுதிக் குறுக்கே பெருக்கினால் y − y₁ = m(x − x₁). இதைத் தனியே நெட்டுருப் போடத் தேவையில்லை. சாய்வு என்றால் என்ன என்று தெரிந்தவர் தாமே எழுதிவிடலாம். பின்னமாக இருக்கும்போது (x₁, y₁) என்ற புள்ளியை இட முடியாது, பூச்சியத்தால் வகுக்க வேண்டிவரும். பெருக்கி எழுதிய பிறகு அந்தப் புள்ளியும் சேர்ந்துகொள்கிறது. கோட்டில் ஒரு புள்ளி அளவுக்கு இருந்த ஓட்டையை அந்தப் பெருக்கல் அடைத்துவிடுகிறது.

சென்னை ஆட்டோக்களுக்குத் தமிழ்நாடு அரசு 2013ஆம் ஆண்டு அறிவித்த கட்டணம் இந்த வடிவத்துக்குத் தைத்துவைத்த சட்டை. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். புள்ளி (1.8, 25), சாய்வு 12. ஆகவே தூரம் x, கட்டணம் y என்றால் y − 25 = 12(x − 1.8). சுருக்கினால் y = 12x + 3.4. ஐந்து கிலோமீட்டருக்கு 63 ரூபாய் 40 காசு. மீட்டர் போட மறுப்பவரிடம் இந்தச் சமன்பாடு செல்லாது என்பது வேறு கதை. இங்கே கவனிக்க வேண்டியது 3.4 என்ற எண். கோட்டை y அச்சு வரை நீட்டினால் அது வெட்டும் இடம் அது. ஆனால் மூன்று ரூபாய் நாற்பது காசுக்கு எந்த வண்டியும் நகராது. 1.8 கிலோமீட்டருக்குக் கீழே கட்டணம் 25 ரூபாயிலேயே கிடைமட்டமாக நிற்கிறது. சமன்பாடு எந்த எல்லைக்குள் செல்லும் என்பதும் சமன்பாட்டின் ஒரு பகுதி. சாய்வுக்கு எப்போதும் ஒரு பொருள் உண்டு, இங்கே கிலோமீட்டருக்கு ரூபாய். வெட்டுத்துண்டுக்குச் சில சமயம்தான் பொருள் இருக்கும்.

தெரிந்த புள்ளி y அச்சின் மேலேயே (0, c) என்று இருந்தால் இதே வடிவம் y = mx + c ஆகச் சுருங்குகிறது. வரைபடம் வரைய இதைவிட வசதியானது இல்லை: c என்ற உயரத்தில் தொடங்கி, ஓர் அலகு வலப்புறம் சென்றால் m அலகு ஏற வேண்டும். இந்த m எங்கிருந்து வந்தது என்பதற்குப் பல கதைகள் உண்டு. பிரெஞ்சு மொழியில் ஏறுதலைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து என்பது அவற்றில் பிரபலமானது. ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை; பிரெஞ்சுக்காரர்களே தங்கள் பள்ளிகளில் y = ax + b என்றுதான் எழுதுகிறார்கள். அமெரிக்காவில் y = mx + b, ரஷ்யாவில் y = kx + b, ஸ்வீடனில் y = kx + m. இந்தியாவும் இலங்கையும் பிரிட்டிஷ் பாடநூல் மரபைப் பின்பற்றி c என்ற எழுத்தை வைத்துக்கொண்டன.

இரண்டு புள்ளிகள் தெரிந்தால் முதலில் சாய்வைக் கண்டு, பிறகு மேலே சொன்ன வழியில் போகலாம். வெப்பநிலை அளவுகள் நல்ல எடுத்துக்காட்டு. பனிக்கட்டி உருகும் நிலை செல்சியஸில் 0, பாரன்ஹீட்டில் 32. நீர் கொதிக்கும் நிலை செல்சியஸில் 100, பாரன்ஹீட்டில் 212. புள்ளிகள் (0, 32), (100, 212). சாய்வு 180/100, அதாவது 9/5. சமன்பாடு y = (9/5)x + 32. இங்கே வெட்டுத்துண்டுக்கு முழுப் பொருள் உண்டு. இரண்டு அளவுகளும் ஒரே எண்ணைக் காட்டும் இடம் வேண்டுமென்றால் y = x என்ற கோட்டோடு வெட்டவிட வேண்டும்; x = −40 என்று வருகிறது.

இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நேர்க்கோடு போட்டு இடைமதிப்பு காணும் பழக்கம், சமன்பாடு என்ற எழுத்துமுறைக்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது. கி.பி. 499இல் ஆரியபட்டர் தந்த சைன் அட்டவணை 225 கலைக்கு ஒன்றாக, அதாவது 3¾ பாகைக்கு ஒன்றாக, 24 மதிப்புகளைக் கொண்டது. வட்டத்தின் ஆரம் 3438 கலை. 225 கலைக்கு அரைநாண் 225. அடுத்த படிக்குக் கூடுவது 224. நடுவில் 300 கலைக்கு, அதாவது 5 பாகைக்கு, என்ன மதிப்பு? திரைராசிகம் என்ற மூவெண் விதிப்படி 225 கலைக்கு 224 கூடினால் 75 கலைக்கு 74.67 கூடும், விடை 299.67. இக்காலக் கணிப்பொறி தரும் மதிப்பு 299.64. வளைவின் ஒரு சிறு துண்டைக் கோடாகக் கொண்டதால் வந்த பிழை அவ்வளவுதான். ஏழாம் நூற்றாண்டில் பிரம்மகுப்தர் அதையும் விட்டுவைக்காமல் இரண்டாம் படித் திருத்தம் ஒன்றைச் சேர்த்தார்.

இரு புள்ளி வடிவத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. மூன்று புள்ளிகள் ஒரே கோட்டில் அமைந்தால் அவற்றால் ஆன முக்கோணத்தின் பரப்பு பூச்சியம். தெரிந்த இரண்டு புள்ளிகளையும் (x, y) என்ற நகரும் புள்ளியையும் பரப்பு வாய்பாட்டில் இட்டுப் பூச்சியத்துக்குச் சமமாக்கினால் கோட்டின் சமன்பாடு வந்துவிடும். பத்தாம் வகுப்பில் ஒருகோடமைப் புள்ளிகளைச் சோதிக்கப் பயன்படும் அதே வாய்பாடுதான் இது. எங்கும் வகுத்தல் இல்லாததால், இரண்டு புள்ளிகளும் நேர்மேலும் கீழுமாக இருந்தாலும் இந்த முறை இடறுவதில்லை. பள்ளியில் இதற்கு இன்னும் சற்று முக்கியத்துவம் தரலாம்.

வெட்டுத்துண்டு வடிவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோடு x அச்சை a இலும் y அச்சை b இலும் வெட்டினால் x/a + y/b = 1. 3x + 4y = 12 என்பதை 12 ஆல் வகுத்தால் x/4 + y/3 = 1; வரைவதற்கு (4, 0), (0, 3) என்ற இரண்டு புள்ளிகள் போதும். அழகான வடிவம்தான், ஆனால் ஆதிப்புள்ளி வழியே செல்லும் கோட்டுக்கும் அச்சுகளுக்கு இணையான கோடுகளுக்கும் உதவாது.

எந்தக் கோட்டையும் ஒதுக்காதது பொது வடிவம்: ax + by + c = 0, இதில் a, b இரண்டும் ஒரே நேரத்தில் பூச்சியமாகக் கூடாது. எழுத்துகள் மூன்று இருந்தும் தகவல் இரண்டு போதுமானதற்குக் காரணம், மூன்றையும் ஒரே எண்ணால் பெருக்கினாலும் கோடு மாறாது என்பது. 2x + y − 9 = 0 என்பதும் 8x + 4y − 36 = 0 என்பதும் ஒரே கோடு. கெழுக்களின் விகிதம் மட்டுமே பொருட்டு. இணை கோடுகளுக்கு a, b அப்படியே இருக்க c மட்டும் மாறும். செங்குத்துக் கோட்டுக்கு a, b இடம் மாறி, ஒன்றின் குறியும் மாறும். 3x − 5y + 7 = 0 என்ற கோட்டுக்குச் செங்குத்தாக (4, −1) வழியே செல்லும் கோடு வேண்டுமா? 5x + 3y + k = 0 என்று எழுதிப் புள்ளியை இட்டால் 20 − 3 + k = 0; k = −17. ஒரே வரியில் வேலை முடிந்தது. சாய்வைக் கண்டு, தலைகீழாக்கி, குறி மாற்றி, புள்ளி–சாய்வு வடிவத்தில் இட்டுச் சுருக்குகிறவர் இதே இடத்துக்கு நான்கு படிகள் ஏறி வந்து சேருவார். வழியில் தவறு செய்ய நான்கு வாய்ப்புகள்.

புள்ளிகளோ சாய்வோ வெளிப்படையாகத் தரப்படாமல், புள்ளி நகரும் விதி மட்டும் தரப்படும் கணக்குகளும் உண்டு. (1, 2), (5, 4) என்ற இரண்டு புள்ளிகளிலிருந்தும் சம தூரத்தில் இருந்துகொண்டே ஒரு புள்ளி நகர்கிறது என்றால் அதன் நியமப்பாதை என்ன? இரு தூரங்களின் வர்க்கங்களைச் சமமாக்கினால் (x − 1)² + (y − 2)² = (x − 5)² + (y − 4)². விரித்தவுடன் இருபுறமும் x², y² அடிபட்டுப் போகின்றன; மிஞ்சுவது 2x + y − 9 = 0. இருபடியாகத் தொடங்கியது முதல்படியாக முடிவதே அது நேர்க்கோடு என்பதற்குச் சான்று. அதே கோட்டை நடுப்புள்ளி (3, 3), செங்குத்துச் சாய்வு −2 என்று கண்டும் எழுதலாம். அந்த வழியில் விடை ஒரு நேர்க்கோடு என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நியமப்பாதை வழியில் சமன்பாடே அதைச் சொல்லிவிடுகிறது.

சமன்பாடும் கோடும் ஒன்றே என்ற எண்ணம் தோன்றியதும் நியமப்பாதையிலிருந்துதான். பிரான்சின் துலூஸ் நகரில் வழக்குமன்றப் பணியில் இருந்த பியர் டி ஃபெர்மா, 1636 அளவில் நியமப்பாதைகள் பற்றி லத்தீனில் ஒரு சிறு நூல் எழுதினார். இறுதிச் சமன்பாட்டில் தெரியாத கணியங்கள் இரண்டு இருந்தால் அவற்றில் ஒன்றின் முனை நேராகவோ வளைவாகவோ ஒரு கோட்டை வரையும் என்பது அதன் அடிப்படைக் கூற்று. முதல்படிச் சமன்பாடு நேர்க்கோட்டைத் தரும் என்று அவர் காட்டினார். கைப்படியாகவே சுற்றிவந்த அந்த நூல், அவர் 1665இல் இறந்த பின் 1679இல்தான் அச்சேறியது. அதற்குள் 1637இல் ரெனே தெகார்த்தின் வடிவியல் நூல் வெளிவந்து பெயரைத் தட்டிச் சென்றுவிட்டது. வேடிக்கை என்னவென்றால், நேர்க்கோட்டின் சமன்பாட்டை விளக்குவதில் தெகார்த்து அக்கறை காட்டவே இல்லை. அவர் கண் கடினமான வளைவுகள் மேல் இருந்தது. அவர் தந்தது எழுத்துமுறை: தெரியாதவற்றுக்கு x, y, z, தெரிந்தவற்றுக்கு a, b, c. ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும் இரண்டு அச்சுகளும் நான்கு காற்பகுதிகளும் கொண்ட இன்றைய வரைபடத்தாள் அவர் நூலில் இல்லை.

கோட்டை ஒழுங்காக எடுத்து விளக்கியவர் ஹாலந்தின் அரசியல் தலைவராக இருந்த யோஹான் டி விட். தெகார்த்தின் நூலுக்கு வெளிவந்த லத்தீன் பதிப்பின் இணைப்பாக 1661இல் அவர் எழுத்து அச்சானது. குறை எண் ஆயத்தொலைவுகளை அக்காலம் ஏற்காததால், இன்று y = mx + c என்ற ஒரே வரியில் அடங்குவதை அவர் கூட்டல், கழித்தல் குறிகளுக்கேற்பத் தனித்தனி வகைகளாகப் பிரித்தாள வேண்டியிருந்தது. (1672இல் தி ஹேக் நகரில் வெறிகொண்ட கூட்டம் ஒன்று அவரை அடித்துக் கொன்றது, கணித வரலாற்றில் இப்படி முடிந்தவர்கள் குறைவு.) குறை எண்களையும் இரண்டு அச்சுகளையும் தயக்கமின்றிக் கையாண்டது 1704இல் வெளியான நியூட்டனின் மூன்றாம்படி வளைவுகள் பற்றிய நூல். நேர்க்கோட்டை அதற்கே உரிய பாடமாக எடுத்து, புள்ளி–சாய்வு வடிவத்தை வெளிப்படையாக எழுதியது பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில், காஸ்பார் மோன்ஜும் அவர் வழிவந்த பாடநூலாசிரியர் லாக்ருவாவும். பத்தாம் வகுப்பு மாணவர் ஒரு வாரத்தில் கடக்கும் பாடம், உருப்பெற ஒன்றரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டது.

சாய்வு இல்லாத கோடு செய்யும் சேட்டைக்கு ஒரு கணக்கு. (5, 5) வழியே, ஆதிப்புள்ளியிலிருந்து 5 அலகு தூரத்தில் செல்லும் கோட்டின் சமன்பாடு என்ன? பழக்கப்படி y − 5 = m(x − 5) என்று எழுதி, புள்ளியிலிருந்து கோட்டுக்கு உள்ள தூர வாய்பாட்டை இட்டால் |5 − 5m| / √(1 + m²) = 5. வர்க்கப்படுத்தினால் (1 − m)² = 1 + m². இருபுறமும் m² அடிபட்டு m = 0 என்ற ஒரே விடை வருகிறது; கோடு y = 5. படம் வரைந்து பார்த்தால் x = 5 என்ற கோடும் அதே நிபந்தனையை நிறைவு செய்வது தெரியும். அது தப்பிப் போனதற்குக் காரணம், முதல் வரியிலேயே கோட்டுக்குச் சாய்வு உண்டு என்று வைத்துக்கொண்டதுதான். இருபடியாக வர வேண்டிய சமன்பாடு ஒருபடியாகச் சுருங்கினால், ஒரு செங்குத்துக் கோடு கைநழுவியது என்று பொருள். பொது வடிவத்தில் a(x − 5) + b(y − 5) = 0 என்று தொடங்கினால் ab = 0 என்று வரும்; a = 0, b = 0 என்ற இரண்டு நிலைகளும் இரண்டு கோடுகளையும் தந்துவிடும். இரண்டு தகவல் போதும் என்று தொடக்கத்தில் சொன்னதற்கும் இங்கே ஒரு திருத்தம் தேவை. தூரம் தகவலாக வரும்போது விடை இரண்டாகலாம்; புள்ளி (3, 4) என்றால் 3x + 4y = 25 என்ற ஒரே கோடு; (3, 1) என்றால் கோடே இல்லை, ஏனெனில் அந்தப் புள்ளி 5 அலகு ஆர வட்டத்துக்குள் கிடக்கிறது.

ஒரு தகவல் வேறு இரண்டு கோடுகளின் வெட்டுப்புள்ளியாக வந்தால், அந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்காமலே வேலையை முடிக்கலாம். x + y − 5 = 0, 2x − y − 1 = 0 என்ற கோடுகள் வெட்டும் இடத்தின் வழியாகச் செல்லும் கோடுகள், இரண்டாவதைத் தவிர, (x + y − 5) + k(2x − y − 1) = 0 என்ற உருவில் அமையும். ஆதிப்புள்ளி வழியாகவும் செல்ல வேண்டும் என்றால் −5 − k = 0; k = −5; கோடு 3x − 2y = 0. வெட்டுப்புள்ளி அசிங்கமான பின்னங்களாக இருக்கும் கணக்குகளில் இந்த வழியின் அருமை தெரியும்.

இதுவரை சொன்னவை எல்லாம் தகவல் சரியாக இரண்டாக இருக்கும் நிலைக்கு. அளவெடுத்த உலகில் புள்ளிகள் மூன்று, ஐந்து, ஐம்பது என்று வருகின்றன. எந்த ஒரே கோட்டிலும் அவை அமைவதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் பூமியின் வடிவம் பற்றிய சர்ச்சை இதை முகத்தில் அறைந்தாற்போல் காட்டியது. பூமி துருவங்களில் தட்டையானது என்றால், ஒரு பாகை அட்சரேகைக்கு உரிய தரைநீளம் துருவத்தை நோக்கிச் செல்லச் செல்லக் கூட வேண்டும். கணக்குப்படி அந்த நீளம், அட்சரேகைக்கு நேர்விகிதமாக அல்ல, அதன் சைனின் வர்க்கத்தைப் பொறுத்து நேர்க்கோட்டில் கூடும். ரோஜர் பாஸ்கோவிச் என்ற இயேசு சபைத் துறவி, நம்பத்தக்கவை என்று ஐந்து அளவீடுகளை எடுத்துக்கொண்டார். சைன் வர்க்கத்தை x என்றும், பிரெஞ்சு அளவான துவாஸில் நீளத்தை y என்றும் கொண்டால், கீட்டோ (0, 56751), நன்னம்பிக்கை முனை (0.2987, 57037), அவரே கிறிஸ்டோபர் மேர் என்ற சக துறவியுடன் சேர்ந்து அளந்த ரோம் (0.4648, 56979), பாரிஸ் (0.5762, 57074), லாப்லாந்து (0.8386, 57422).

ஐந்து புள்ளிகளை இரண்டிரண்டாக எடுத்தால் பத்துக் கோடுகள். கீட்டோவையும் லாப்லாந்தையும் இணைத்தால் சாய்வு சுமார் 800. கீட்டோவையும் நன்னம்பிக்கை முனையையும் இணைத்தால் 957. நன்னம்பிக்கை முனையையும் ரோமையும் இணைத்தால் −349. அதாவது அந்த இரண்டை மட்டும் நம்பினால் பூமி துருவத்தில் கூர்மையானது. இரு புள்ளி வாய்பாட்டில் எந்தத் தவறும் இல்லை. பத்து முறையும் அது சரியாகவே வேலை செய்தது. எந்தக் கோட்டைத் தேர்வது என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை, அவ்வளவுதான்.

பாஸ்கோவிச் 1750களின் பிற்பகுதியில் இதற்கு இரண்டு நிபந்தனைகள் விதித்தார். கோட்டுக்கு மேலும் கீழும் உள்ள விலக்கங்கள் கூட்டினால் பூச்சியமாக வேண்டும். குறியைப் பாராமல் கூட்டினால் அந்தத் தொகை மிகச் சிறியதாக இருக்க வேண்டும். முதல் நிபந்தனை, கோடு சராசரிப் புள்ளி வழியாக, இங்கே (0.43566, 57052.6) வழியாக, செல்ல வேண்டும் என்று சொல்வதற்குச் சமம். ஆக ஒரு புள்ளி கிடைத்துவிட்டது; இரண்டாம் நிபந்தனை சாய்வைத் தீர்மானிக்கிறது. கணக்கிட்டால் அந்தக் கோடு கீட்டோ வழியாகவே செல்கிறது, சாய்வு 301.6 / 0.43566, சுமார் 692. சமன்பாடு y = 56751 + 692x. தகவல் ஐந்தாக இருந்தாலும் கடைசியில் அவற்றை இரண்டாகப் பிழிந்தெடுத்துப் புள்ளி–சாய்வு வடிவத்துக்கே வந்து சேர வேண்டியிருந்தது.

1805இல் லெஜாந்தர், வால்மீன்களின் பாதைகள் பற்றிய நூலின் இணைப்பில், விலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டி அந்தத் தொகையை மிகச் சிறியதாக்கும் முறையை வெளியிட்டார். 1809இல் காஸ், தாம் அதை 1795 முதலே பயன்படுத்திவந்ததாக எழுத, முந்தியவர் யார் என்ற சண்டை மூண்டது. மீச்சிறு வர்க்க முறை பரவியதற்குக் காரணம் அதன் எளிமை: சராசரியிலிருந்து x விலகும் அளவையும் y விலகும் அளவையும் ஒவ்வொரு புள்ளிக்கும் பெருக்கிக் கூட்டி, x விலக்கங்களின் வர்க்கக் கூட்டலால் வகுத்தால் சாய்வு வந்துவிடும். மேலே உள்ள ஐந்து புள்ளிகளுக்கு அது சுமார் 283.2 / 0.3915, அதாவது 723; கோடு y = 56737 + 723x. பாஸ்கோவிச்சின் கோட்டிலிருந்து இது சற்று வேறுபடுகிறது. விலக்கத்தை வர்க்கப்படுத்தினால் தொலைவில் விலகி நிற்கும் புள்ளியின் குரல் ஓங்கும், வர்க்கப்படுத்தாவிட்டால் அடங்கும். இதில் எது சரி என்பதை இயற்கணிதம் தீர்மானிப்பதில்லை. அளவீடுகளில் பிழை எப்படி வருகிறது என்ற அறிவுதான் தீர்மானிக்கிறது. நன்னம்பிக்கை முனையில் லகாய் என்பவர் எடுத்த அளவீட்டைப் பின்னாளில் ஆராய்ந்தவர்களில் ஜார்ஜ் எவரெஸ்ட்டும் ஒருவர். பரங்கிமலையில் 1802இல் லாம்டன் தொடங்கிய இந்தியப் பெருமுக்கோண நில அளவைப் பணியிலிருந்து உடல்நலம் தேற அவர் நன்னம்பிக்கை முனைக்குப் போயிருந்தார். அருகில் உள்ள மலைகளின் ஈர்ப்பு தூக்குநூலைப் பக்கவாட்டில் இழுத்திருக்க வேண்டும் என்பது அவர் முடிவு.

மீச்சிறு வர்க்கக் கோட்டில் விலக்கங்கள் y அச்சின் திசையில் அளக்கப்படுகின்றன. x, y இரண்டையும் இடம் மாற்றிக் கணக்கிட்டால் பெரும்பாலும் வேறு கோடு வரும். இதை மறந்து, கிடைத்த சமன்பாட்டை x க்காகத் தீர்த்துப் பயன்படுத்துவது ஆய்வேடுகளில்கூடக் காணப்படும் பிழை. இரண்டு கணியங்களிலும் பிழை இருந்தால், கோட்டுக்குச் செங்குத்தான தூரங்களின் வர்க்கங்களைச் சிறிதாக்க வேண்டும் என்று கார்ல் பியர்சன் 1901இல் காட்டினார். அங்கே y = mx + c உதவாது; ax + by + c என்பதை √(a² + b²) ஆல் வகுத்துக் கிடைக்கும் செங்குத்து வடிவமே பொருந்தும், ஏனெனில் அதில் ஒரு புள்ளியை இட்டால் வரும் எண், குறியோடு சேர்ந்த தூரமே.

அதே வடிவம் எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு கணிப்பொறியில் மறுபடியும் கைகொடுத்தது. புகைப்படத்தில் சிதறிக் கிடக்கும் புள்ளிகளிலிருந்து நேர்க்கோடுகளைத் தேடும் முறை ஒன்றுக்கு பால் ஹஃப் 1962இல் காப்புரிமை பெற்றார். ஒவ்வொரு புள்ளியும் தன் வழியே செல்லக்கூடிய எல்லாக் கோடுகளுக்கும் ஒரு வாக்கு அளிக்கும். அதிக வாக்குப் பெற்ற கோடு வெல்லும். ஹஃப் கோட்டைச் சாய்வாலும் வெட்டுத்துண்டாலும் குறித்திருந்தார். படத்தில் கதவு, தூண், கட்டட விளிம்பு என்று செங்குத்துக் கோடுகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றை நெருங்கும்போது சாய்வு எல்லையின்றிப் பெருகி, வாக்கு எண்ணும் அட்டவணையில் இடமே இல்லாமல் போகும். 1972இல் டுடாவும் ஹார்ட்டும் சாய்வையும் வெட்டுத்துண்டையும் எடுத்துவிட்டு, ஆதிப்புள்ளியிலிருந்து செங்குத்துத் தூரத்தையும் அந்தச் செங்குத்தின் கோணத்தையும் வைத்தார்கள். கோணம் 0 முதல் 180 பாகைக்குள் அடங்கும். தூரம் படத்தின் மூலைவிட்டத்தைத் தாண்டாது. இன்று படங்களில் கோடு தேடும் மென்பொருள்களில் வழக்கமாக இருப்பது இந்த வடிவம்.

வெளியில், அதாவது மூன்று பரிமாணங்களில், ax + by + cz + d = 0 என்ற ஒரு சமன்பாடு ஒரு தளத்தைத்தான் தரும். கோடு வேண்டுமென்றால் இரண்டு தளங்கள் வெட்ட வேண்டும், அல்லது ஒரு புள்ளியையும் ஒரு திசையனையும் கொடுத்து, t என்ற துணையலகால் x, y, z மூன்றையும் தனித்தனியே எழுத வேண்டும். சாய்வு என்ற ஒற்றை எண் அங்கே செல்லாது. அதன் இடத்தைத் திசை விகிதங்கள் என்ற மூன்று எண்கள் எடுத்துக்கொள்கின்றன, அவற்றிலும் விகிதம் மட்டுமே பொருட்டு. தளத்தில் இரண்டு எண்களால் குறித்த கோட்டைக் குறிக்க வெளியில் நான்கு எண்கள் தேவைப்படுகின்றன.